பல்பை அணைத்தது நான்தான்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் உள்ளங்கையில் ஒரு கோழிக்குஞ்சு செத்துக் கிடந்தது. ஒன்று இல்லை... மூன்று. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தின் கனம்தான்.

ஐம்பது வருஷம் மீன் விற்ற கை இது. வஞ்சிரம், கொடுவா, சுறா என்று எத்தனை தலைகளை அரிந்திருக்கும்? ஒரு நாளும் தயங்கியதில்லை. அன்றைக்கு அந்தக் குஞ்சுகளைக் கீழே வைக்கக் கூட அதற்குத் தெரியவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? மெதுவாகத்தான் சொல்வேன். அவசரமாகச் சொன்னால் என் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பது போல ஆகிவிடும்.

பட்டினப்பாக்கத்தில், கடலுக்கு இரண்டு சந்து தள்ளி எங்கள் வீடு. மேலே ஷீட் கூரை. நான், என் மகன் அந்தோணி, அவன் மனைவி லூர்து — மூன்று பேர். அந்தோணி கடலுக்குப் போகிறவன். லூர்து காலையில் அபிராமபுரத்தில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவாள். நான் முட்டி வலியால் மார்க்கெட்டில் உட்காருவதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இப்போது என் வேலை, உங்களுக்கு வாரம் ஒரு பக்கம் எழுதுவது. எழுதுவது என்றால், எழுத்துக் கூட்டிக் கூட்டி. நான் படித்தது இரண்டாவது வரைதான். அச்சில் தப்பில்லாமல் வருகிறதென்றால் அது பத்திரிகை ஆபீஸில் இருக்கிறவர்களின் தயவு.

கோழி யோசனை என்னுடையது இல்லை. லூர்துவுடையது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவள் வேலை செய்யும் வீட்டு அம்மாவுக்கு நல்ல நாட்டுக்கோழி முட்டை வேண்டும். அந்த அம்மாவோடு வாக்கிங் போகிறவர்களுக்கும் வேண்டும். கடையில் கிடைப்பதை அவர்கள் நம்புவதில்லை. இதைக் கேட்டுக்கேட்டு லூர்துவின் மனசில் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. பன்னிரண்டு குஞ்சு வாங்கினால், பாதி சேவலாகப் போனாலும் ஆறு கோழி. ஆறு மாசத்தில் முட்டை. அப்புறம் இன்னும் கொஞ்சம் குஞ்சு. ஒருநாள் அபிராமபுரத்து அடுப்பை விட்டுவிடலாம். பதினைந்து வயசிலிருந்து அடுத்தவர் அடுப்பில் நிற்கிறவள் அவள்.

"எனக்குன்னு ஒண்ணு வேணும் அத்தே," என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் சம்மதித்தேன். சம்மதித்தேன் என்பதும் பெரிய வார்த்தை. "செய்யேன்," என்றேன், ஏதோ என் சொத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி.

திங்கட்கிழமை லூர்து லீவு போட்டுவிட்டு, தாம்பரம் தாண்டி ஒரு பண்ணைக்குப் போய், முந்தின நாள் பொரித்த குஞ்சுகளை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். பஸ் முழுக்க கீச்சு கீச்சுதானாம். டிரைவர் கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாராம்.

வந்ததும் அவள் செய்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமே. பெரிய அட்டைப்பெட்டி, அடியில் உமி. ஒரு மூலையில் தீனித் தட்டு, இன்னொரு மூலையில் தண்ணீர்த் தட்டு. தண்ணீரில் கூழாங்கற்கள் போட்டிருந்தாள், குஞ்சு விழுந்து மூழ்காமல் இருக்க. மேலே கயிறு கட்டி ஒரு குண்டு பல்பு, மஞ்சள் வெளிச்சம். பிரசவ வார்டு தோற்றுவிடும்.

அப்போது தேசம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மார்க்கெட்டில் முப்பது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றவள். அவள் எதிரில் லூர்து ஒரு பேப்பரை என்னிடம் நீட்டினாள். பண்ணையில் கொடுத்ததாம். குஞ்சை எப்படி வளர்ப்பது என்று அச்சடித்து, பளபளப்பாக, நாலாக மடித்திருந்தது.

"நாளைக்கு நான் வேலைக்குப் பூட்டா நீங்கதான் பாத்துக்கணும் அத்தே. எல்லாம் இதுல போட்டுக்குது. ஒரு வாட்டி படிச்சிடுங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. தேசம்மா எதிரில் 'படி' என்கிறாளே, இவளுக்குத் தெரியாதா, நான் படிக்கிற லட்சணம்? வேண்டுமென்றே சொல்கிறாளோ?

"குடு," என்றேன். "பத்திரிகைல எழுதறவ நான். இதப் படிக்க எனக்கு இன்னா?"

விரித்தேன். எழுத்து ஒவ்வொன்றும் ரவை அளவு. மேலே ஒரு கோழியின் படம். அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தேன். தலையை இரண்டு தடவை ஆட்டினேன். மடித்து வைத்துவிட்டேன்.

செவ்வாய் காலை லூர்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பவும் சொன்னாள், பல்பு மட்டும் எரியட்டும் அத்தே என்று. சரி சரி என்றேன்.

அவள் போன அரை மணி நேரத்தில் முதல் அதிர்ச்சி.

பெட்டிக்குள் ஒரு குஞ்சு நின்றுகொண்டிருந்தது. நன்றாகத்தான் நின்றது. திடீரென்று கண் சொருகியது, தலை தொங்கியது. முகம் குப்புற அப்படியே விழுந்தது. இறக்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அசைவில்லை.

கையைப் பெட்டிக்குள் விட்டேன். அனல். பங்குனி மாசம், ஷீட் கூரை, அதற்கு மேல் பல்பு வேறு. இந்தச் சூட்டில் எது பிழைக்கும்? வெந்தே போயிருக்கும் என்று நினைத்து, எட்டி பல்பை அணைத்தேன். குஞ்சை விரலால் தொட்டேன். என்ன நடந்தது தெரியுமா? துள்ளி எழுந்தது. ஒரு ஓட்டம் ஓடித் தீனித் தட்டில் ஏறி நின்றது.

அது தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கோழிக்குஞ்சு அப்படித்தான் தூங்குமாம், கொலை நடந்த இடம் மாதிரி. இது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் பல்பை அணைத்தேன், குஞ்சு பிழைத்தது. என் வைத்தியம் பலித்துவிட்டது.

தப்பான பாடத்தை இதைவிட அழகாக யாராவது கற்றுக்கொடுக்க முடியுமா?

ஐம்பது வருஷம் எனக்கு ஒரே எதிரி, வெயில். ஒரே துணை, ஐஸ். காலையில் வாங்கிய கூடை சாயங்காலம் வரை கண் பளபளக்க இருக்க வேண்டும் என்றால், நிழல் வேண்டும், ஈரச்சாக்கு வேண்டும், காற்று வேண்டும். இந்த மூன்றையும் வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், மகனை ஆளாக்கினேன். பெட்டியில் இருப்பது எதுவானாலும் குளிர்ச்சியாக இருந்தால் கெடாது. இதில் சந்தேகம் என்ற பேச்சே எனக்கு வந்ததில்லை.

எனவே வேலையில் இறங்கினேன். என்ன சுறுசுறுப்பு அன்றைக்கு... முட்டி வலி கூடத் தெரியவில்லை.

பின்கட்டில் என் பழைய தெர்மாகோல் பெட்டி இருந்தது. ஐஸ் போட்டு மீன் வைக்கிற பெட்டி. கழுவித் துடைத்தேன். உமி எதற்கு, கண்ணில் மூக்கில் ஏறும் என்று விட்டுவிட்டு, அடியில் விரிக்க ஏதாவது வேண்டுமே என்று தேடினேன். லூர்து கொடுத்த பேப்பர் கையில் பட்டது. விரித்தால் பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. போட்டேன். பன்னிரண்டு குஞ்சையும் அதன்மேல் இறக்கினேன். பெட்டிக்கு மேல் பாதி மூடினாற்போல் ஈரச்சாக்கு. எதிரில் டேபிள் ஃபேன், இரண்டாம் நம்பரில்.

பளபளப் பேப்பரில் குஞ்சுகளுக்குக் கால் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தன. சறுக்கி விளையாடுகிறதுகள் என்று சிரித்தேன். தெர்மாகோலைக் கொத்திக் கொத்தி வெள்ளை வெள்ளையாகத் தின்றன. தீனி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாம் சேர்ந்து கத்தின பாருங்கள், ஒரே சத்தம். சந்தில் போன தேசம்மா எட்டிப் பார்த்து, ஏன் இப்படிக் கத்துகின்றன என்று கேட்டாள்.

"சந்தோசத்துல கத்துதும்மே," என்றேன்.

இப்போது எழுதும்போது இந்த வரியில்தான் பேனா நிற்கிறது. குளிரில் உயிர் போகிற சத்தம் அது. நான் அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைத்தேன்.

பத்து மணி வாக்கில் எல்லாம் ஒரு மூலைக்குப் போய் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்துகொண்டன. பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது. என்ன பாசம் பார், அண்ணன் தம்பி போல என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கத்தலும் அடங்கியது. தூங்கிவிட்டன என்று ஃபேனை மூன்றாம் நம்பரில் வைத்துவிட்டு, குழம்பு வைக்கப் போனேன்.

குழம்பு கொதித்து இறக்கித் திரும்பி வந்து பார்க்கிறேன், குவியல் கொஞ்சம் கலைந்திருந்தது. அடியில் மூன்று குஞ்சு தட்டையாகக் கிடந்தன. இறக்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

எனக்குப் பயமே வரவில்லை. காலையில்தான் பார்த்தேனே, இதுகள் இப்படித்தான் தூங்கும். விரலால் தொட்டேன், எழுந்திருக்கும் என்று. எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொட்டேன். ஐஸில் வைத்த நெத்திலி எப்படி இருக்கும், அந்தச் சில்லிப்பு.

மீன் செத்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று செவுளைப் பார்க்காமலே சொல்வேன் நான். மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ வைத்து வருகிற வாடிக்கைகள், வேறு கடையில் வாங்கிய மீனைக் கூட என்னிடம் காட்டிக் கேட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு, என் பெட்டியில் மூன்று உயிர் எப்போது போனது என்று தெரியவில்லை.

அடுத்து நான் செய்தது இருக்கிறதே, அதுதான் பெரிய அதிர்ச்சி. குஞ்சு விஷயத்தில் இல்லை, என் விஷயத்தில்.

உயிரோடிருந்த ஒன்பதையும், செத்த மூன்றையும் அவசர அவசரமாக அட்டைப்பெட்டிக்கே மாற்றினேன். பல்பைப் போட்டேன். ஃபேனை அதன் இடத்தில் வைத்தேன். ஈரச்சாக்கை உதறிக் காயப்போட்டேன். தெர்மாகோல் பெட்டியைப் பின்கட்டில் கவிழ்த்து, அழுக்கான அந்தப் பேப்பரைச் சுருட்டி அதற்கடியில் தள்ளினேன். நான் செய்தது தப்பா சரியா என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. லூர்து சொன்னதைச் செய்யவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதை மறைக்க என் கை தானாகவே வேலை செய்தது. எழுபத்தி இரண்டு வயசில்.

இரண்டு மணிக்கு லூர்து வந்தாள். பையைக் கூட வைக்காமல் நேரே பெட்டியிடம் போனாள். குனிந்தாள். எண்ணினாள். செத்த மூன்றையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, மீதி ஒன்பதை ஒவ்வொன்றாகத் தூக்கி முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். பல்புக் கயிற்றைக் கீழே இறக்கிக் கட்டினாள்.

அதற்குள் விஷயம் தெரிந்து தேசம்மாவும், எதிர்வீட்டு குப்புவும் வந்துவிட்டார்கள். குப்புவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஊட்ல குந்தி பாத்துக்கறவங்களுக்குத்தான் கோழி," என்றாள் லூர்துவைப் பார்த்து. "நீ காலைல பூட்டு மத்தியானம் வர்ற. இன்னா தைரியத்துல வாங்கிக்கினு வந்தே?"

லூர்து நிமிரவே இல்லை. "என் தப்புதான்க்கா. பல்பை ஒசரத்துல கட்டிட்டேன். சூடு எட்டல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூடு எட்டவில்லையா? சூடு எட்ட வேண்டுமா?

யாரிடம் கேட்பது? வீட்டில் கேட்க வாய் வரவில்லை. மாத்திரை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முனையில் இருக்கும் கறிக்கடை பாயிடம் போனேன். அவர் கோழியைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். கோழிக்குஞ்சு எதனால் சாகும் பாய் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்கிட்ட வர்றப்பவே அது பெரிசாதான் ஆயா வருது. சாவறது எப்டின்னு கேளு, சொல்றேன். வளக்கறது எனக்கின்னா தெரியும்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, கத்தியைக் கீழே வைத்தார். தன் அம்மா கோழி வளர்த்ததைச் சொன்னார். தாய்க்கோழி குஞ்சை என்ன செய்யும்? றெக்கைக்குள் வைத்து உட்கார்ந்துகொள்ளும். பொரித்த குஞ்சுக்கு மேலே இருப்பதெல்லாம் வெறும் மயிர்தான், சூடு அதுவாக வராது, யாராவது கொடுக்க வேண்டும். தாய் இல்லாவிட்டால் பல்பு. கொஞ்சம் காற்று பட்டால் போதும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது நசுங்கிவிடும்.

"ஃபேன் கீன் போட்டியா ஆயா?"

மாத்திரை கூட வாங்கவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.

ஒரு வேலையில் கெட்டிக்காரியாக இருப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்தக் கெட்டிக்காரத்தனம் அடுத்த வேலைக்கும் செல்லும் என்று நினைத்துவிடுகிறோம். எது மீனைக் காப்பாற்றுமோ, அது குஞ்சைக் கொன்றுவிட்டது. அதே நிழல், அதே ஈரம், அதே காற்று. நான் ஒன்றுமே தெரியாதவளாக இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டும் பிழைத்திருக்கும். பல்பை எரிய விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனேன். என் புடவைக்குப் பக்கத்தில், க்ளிப் போட்டு, அந்தப் பேப்பர் காய்ந்துகொண்டிருந்தது. கழுவித் துடைத்து மாட்டியிருந்தது. காற்றில் பறந்து எங்கேயோ கிடந்ததை எடுத்து மாட்டியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவிழ்த்த பெட்டிக்கு அடியில் இருப்பது காற்றில் எப்படிப் பறக்கும்? அந்தக் கேள்வியைக் கொடியிலேயே விட்டுவிட்டேன். புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

சாப்பிடும்போது அந்தோணி லூர்துவிடம் ஆரம்பித்தான். உனக்கு எதற்கு இந்த வேலை, இருக்கிற வேலையைப் பார், மூன்று உயிரைக் கொன்றுவிட்டாய் என்று. லூர்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், பண்ணைக்குப் போன் போட்டுப் பேசிவிட்டேன், மீதி ஒன்பதை ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம், எனக்கு இது சரிப்படாது என்றாள்.

நான் என்ன செய்தேன்? இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை காலை ஒரு குஞ்சு எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. இரண்டு காலும் இரண்டு பக்கம் போய், வயிறு தரையில். வழுக்கலில் நின்ற குஞ்சுக்கு அப்படி ஆகுமாம், பேப்பரில் போட்டிருந்ததாம், லூர்து சொன்னாள். அவள் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சன்னமாக வெட்டி, இரண்டு காலையும் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சேர்த்து ஒட்டினாள். நாலைந்து நாள் இப்படியே இருந்தால் கால் நேராகும். குஞ்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என் கையில் கொடுத்தாள். அதன் நெஞ்சு என் விரலில் அடித்துக்கொண்டது. தையல் மிஷின் ஓடுகிற மாதிரி.

அதற்கு மேல் முடியவில்லை.

"லூர்து... பல்பை நான்தான் அணைச்சேன்."

அவள் கை நிற்கவில்லை. பிளாஸ்திரியை ஒட்டி முடித்தாள்.

"தெரியும் அத்தே."

"எப்ப தெரியும்?"

"நேத்து வந்ததுமே. ஒண்ணொண்ணா தூக்கி மோந்து பாத்தேன். எல்லாத்து மேலயும் மீன் வாடை. அட்டப்பொட்டில இருந்த குஞ்சு மேல ஏது மீன் வாடை?"

அந்தப் பெட்டியை நான் கழுவித்தானே வைத்தேன். என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லையே. ஐம்பது வருஷமாக என்மேல் இருக்கிற வாடை, என்னைத் தவிர ஊருக்கே தெரியும்.

"தெரிஞ்சும் எதுக்குடி உன் தலைல போட்டுக்கினே? குப்பு அந்தப் பேச்சு பேசறா. கட்டனவன் திட்றான்."

"நான் திட்டு வாங்காத ஆளா? இன்னைக்குப் பேசுவாங்க, நாளைக்கு மறந்துடுவாங்க. நீங்க அப்டியா? அந்த மார்க்கெட்டுல நிமிந்து குந்தினு இருந்தவங்க. குப்பு வாய்ல நீங்க வுழறத நான் பாக்கணுமா?"

குஞ்சை என் கையிலிருந்து வாங்கிப் பல்புக்கு அடியில் விட்டாள்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் அத்தே. நெஞ்சு பூரா கோவந்தான். குஞ்சு செத்ததுக்கு இல்ல. படிக்க வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே குந்தி படிச்சிக் காமிச்சிருப்பேனே. என்கிட்ட சொல்றதுல இன்னா கொறஞ்சிடப் போறீங்க?"

இந்த வயசுக்கு எவ்வளவோ அதிர்ச்சி பார்த்திருக்கிறேன். புயல் பார்த்தேன், சுனாமி பார்த்தேன், கடலுக்குப் போன புருஷன் வராத நாள் பார்த்தேன். அதெல்லாம் வெளியிலிருந்து வந்து அடித்தவை. இது எனக்குள்ளிருந்து வந்தது. அவள் பேப்பரை நீட்டியபோது என்னைக் குத்துகிறாள் என்று நினைத்தவள் நான். அதே பெண், என் குற்றத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் அந்தச் சோற்றைத் தின்றேன்.

குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்காதே என்று சொன்னேன். யாரை நம்பி வைத்துக்கொள்வது அத்தே என்று கேட்டாள். ஞாயிறு வரைக்கும் நான் பார்த்துக்கொள்வதைப் பார், அப்புறம் முடிவு செய் என்றேன். அவள் கொடியிலிருந்து பேப்பரை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். நான் கேட்டேன். இன்னொரு தடவை என்றேன். படித்தாள்.

நீங்கள் யாராவது குஞ்சு வாங்கப் போகிறீர்களா? அப்படியானால் கேட்டுக்கொள்ளுங்கள். பல்புக்கு அடியில் எல்லாம் ஒரே குவியலாக ஒண்டினால், அதற்குக் குளிர்கிறது — பல்பை இறக்குங்கள். பல்பை விட்டு விலகிச் சுவரோரம் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சூடு அதிகம் — ஏற்றுங்கள். பெட்டி பூராவும் பரவிக் கிடந்து, தின்று, தூங்கி, எழுந்து திரிந்தால், சரியாக இருக்கிறது. தூங்குவதைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். இவ்வளவுதான் விஷயம். இதை ரவை எழுத்தில் போடாமல் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தால்... இல்லை, விடுங்கள். பேப்பர் மேல் பழி போட மாட்டேன்.

லூர்து வேலைக்குப் போனாள். பல்பு எரிந்தது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் அசையவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை. உள்ளே அவளிடம் சொன்னது சரி. வெளியே அவள் பெயர் கெட்டுக் கிடக்கிறதே. குப்பு சொன்னது சந்தின் கடைசி வீடு வரை போயிருக்கும்.

வியாழக்கிழமை காலை தண்ணீர் லாரி வந்தது. எங்கள் சந்தில் பெண்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் அதுதான் நேரம். குடங்கள் வரிசையாக நின்றன. குப்பு முன்னால், தேசம்மா பின்னால், நடுவில் ஒரு பத்துப் பதினைந்து பேர். லூர்துவும் குடத்தோடு நின்றாள். நான் குடம் இல்லாமல் போய் நின்றேன். என்ன ஆயா என்று யாரோ கேட்டார்கள்.

மார்க்கெட்டில் கூவுகிற குரல் எனக்கு இன்னும் போகவில்லை. அதிலேயே சொன்னேன்.

"செவ்வாக்கெழம குஞ்சு செத்துது இல்ல, அது லூர்து பண்ணது இல்ல. அவ எரிய வெச்சிட்டுப் போன பல்பை நான் அணைச்சேன். ஐஸ் பொட்டில போட்டு ஃபேன் வெச்சேன். எப்டி வளக்கணும்னு பேப்பர் குடுத்துட்டுப் போனா. எனக்குப் படிக்க வரல, அதச் சொல்ல வாயும் வரல."

லாரிக் குழாய்த் தண்ணீர் ஒரு குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. லூர்து என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

குப்புதான் முதலில் பேசினாள்.

"இத என் மாமியா உயிரோட இருக்கறப்ப வந்து சொல்லிருக்கக் கூடாதா ஆயா? மாமியாக்காரி தப்ப ஒத்துக்கறதுன்னா எப்டி இருக்கும்னு அதுவும் ஒரு வாட்டி பாத்துருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தேசம்மா சிரித்துச் சிரித்துக் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். "அதான் சந்தோசத்துல கத்துதுன்னியே, இல்ல?" என்றாள். நானும் சிரித்தேன், வேறு வழி? சிரிப்பு முடிந்ததும் குப்பு தன் முறையில் லூர்துவின் குடத்தை முன்னால் வைத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் சந்தில் அதற்கு இதுதான் அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை லூர்து சர்ச்சில் பூசை முடிந்து வந்தாள். பெட்டியில் குனிந்தாள். ஒன்பதும் உமியில் ஆளுக்கொரு பக்கம் பரவிக் கிடந்தன. கால் போன குஞ்சு பிளாஸ்திரியை எடுத்த பிறகு, கொஞ்சம் தள்ளாடி, நின்றுவிட்டது. அவள் தண்ணீரை மாற்றினாள். தீனி வைத்தாள். ஒரு குஞ்சைத் தூக்கி மூக்கருகில் வைத்து மோந்தாள். பிறகு போனை எடுத்துப் பண்ணைக்குப் பேசினாள்.

"இல்லங்க, திருப்பித் தரல. நாங்களே வெச்சிக்கறோம். ஊட்ல ஆள் கீறாங்க."

இன்று வரை ஒன்பதும் நலம், வாயாடிகளாக வளர்கின்றன. என் தொண்டைதான் வியாழக்கிழமையிலிருந்து கட்டிக்கிடக்கிறது... ஐம்பது வருஷம் மீன் கூவிக் கட்டாத தொண்டை.